டோஸ் கணக்கு: சூத்திரமா, விகிதசமமா, அலகு வழியா?

செவிலியர் படிப்பில் டோஸ் கணக்கைப் போட மூன்று வழிகள் சொல்லித் தரப்படுகின்றன: சூத்திரம், விகிதசமம், பரிமாணப் பகுப்பாய்வு எனப்படும் அலகு வழி. சரியாகப் போட்டால் மூன்றிலும் ஒரே விடைதான் வரும். ஆகவே, எது கைக்கு வருகிறதோ அதையே பிடித்துக்கொள்ளலாம் என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தவறு செய்யும்போது எந்த வழி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது என்று பார்த்தால், மூன்றும் ஒன்றல்ல.

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேண்டிய அளவைக் கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மி.லி.யால் பெருக்க வேண்டும். ஜென்டாமைசின் 60 மி.கி. எழுதப்பட்டிருக்கிறது, ஆம்பூலில் 2 மி.லி.க்கு 80 மி.கி. இருக்கிறது. 60 ÷ 80 × 2 = 1.5 மி.லி. நொடியில் முடிந்துவிடும். இந்த வேகத்துக்கு மற்ற இரண்டும் ஈடாகாது.

அதே சூத்திரத்தைக் குழந்தைகள் வார்டுக்குக் கொண்டுபோவோம். 14 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாரசிட்டமால், அதாவது 210 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. 210 ÷ 250 × 5 = 4.2 மி.லி. களைத்துப்போன ஒருவர் கடைசி 5-ஐப் பெருக்க மறந்தால் 0.84 வரும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டார்கள். டிகாக்சின் 125 மைக்ரோகிராமை 0.25 மி.கி. மாத்திரையால் அப்படியே வகுத்து 500 மாத்திரை என்று வந்தால் எவரும் நின்றுவிடுவார்கள். ஆபத்து 500-இல் இல்லை. நம்பும்படியாக வந்து நிற்கும் 0.84-இல் இருக்கிறது. குழந்தைக்குப் போய்ச் சேர்வது ஐந்தில் ஒரு பங்கு மருந்துதான். சூத்திரம் வெறும் எண்களைத்தான் பார்க்கிறது. எதை விட்டுவிட்டோம் என்று அதற்குத் தெரியாது.

விகிதசமத்தில் இந்தத் தவறு நடப்பது கடினம். 250 மி.கி.க்கு 5 மி.லி. என்றால் 210 மி.கி.க்கு எத்தனை மி.லி.? கேள்வியை எழுதும்போதே 5 தனக்குரிய இடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. 210 என்பது 250-ஐவிடச் சற்றுக் குறைவு, ஆகவே விடையும் 5-ஐவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பேனாவை எடுக்கும் முன்பே புரிந்துவிடுகிறது. கணக்கென்றாலே நடுங்கும் முதலாண்டு மாணவருக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். குறுக்கே பெருக்குவது பள்ளியிலேயே பழகியது, மி.கி. ஒரு பக்கம், மி.லி. மறுபக்கம் என்ற ஒழுங்கை மட்டும் காத்தால் போதும்.

ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்ததும் விகிதசமம் மூச்சுவாங்கத் தொடங்குகிறது. டோபமின், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். நோயாளியின் எடை 60 கிலோ. 250 மி.லி. திரவத்தில் 400 மி.கி. மருந்து. மருந்தைச் செலுத்தும் பம்ப்பில் மணிக்கு எத்தனை மி.லி. வைக்க வேண்டும்? விகிதசமத்தில் இது நான்கு தனித்தனிக் கணக்கு. ஒவ்வொரு படியிலும் வழுக்கலாம். அலகு வழியில் ஒரே வரி:

5 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம் × 60 கிலோ × 60 நிமிடம்/மணி × 1 மி.கி./1000 மைக்ரோகிராம் × 250 மி.லி./400 மி.கி. = 11.25 மி.லி./மணி

கிலோ கிலோவோடு அடிபடுகிறது, நிமிடம் நிமிடத்தோடு அடிபடுகிறது, கடைசியில் மி.லி./மணி மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு 60 இருப்பதையும் கவனியுங்கள். ஒன்று எடை, மற்றொன்று நேரம். அலகு இல்லாமல் எழுதினால் ஒன்றை மறப்பது வெகு சுலபம். கடைசிப் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டால் 28.8 வரும்; அதுவும் பம்ப்பில் பார்க்கக்கூடிய எண்தான். ஆனால் அலகு வழியில் மி.கி. அடிபடாமல் நின்று, தவறைக் காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைக் கற்க ஆகும் கூடுதல் வாரங்கள் தகும் என்பேன்.

அதற்கும் எல்லை உண்டு. ஒரு மி.கி. என்பது 100 மைக்ரோகிராம் என்று தவறாக நினைவில் வைத்திருப்பவருக்கும் அலகுகள் அழகாக அடிபடும், விடை 112.5 ஆகிவிடும். உத்தேச மதிப்பு ஒன்றை முன்பே மனத்தில் போட்டு வைப்பதற்கு மாற்று கிடையாது. மருந்தின் லேபிளைச் சரியாகப் படிப்பதற்கும் மாற்று கிடையாது. 1:1000 அட்ரினலின் என்றால் மி.லி.க்கு 1 மி.கி., 1:10,000 என்றால் 0.1 மி.கி., 2 சதவீத லிடோகெயின் என்றால் மி.லி.க்கு 20 மி.கி. இவற்றை மி.கி./மி.லி. ஆக்காமல் எந்த வழியும் தொடங்காது.

நரம்பில் திரவம் ஏற்றும்போது போடும் சொட்டுக் கணக்கில் எனக்கு வழிச் சண்டை இல்லை. 8 மணி நேரத்தில் 1000 மி.லி., மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் (திரவம் இறங்கும் குழாய்) என்றால் 1000 × 20 ÷ 480 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் அதுவும் வேண்டாம். மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

ஆகவே என் வரிசை இது: முதலில் விகிதசமம், அது பழகியதும் அலகு வழி, கடைசியில்தான் சூத்திரம். பல இடங்களில் சூத்திரத்தில் தொடங்கி, மற்ற இரண்டையும் விருப்பப் பாடம்போல் விட்டுவிடுகிறார்கள்; மைக்ரோகிராமும் கிலோவும் நிமிடமும் ஒரே உத்தரவில் வரும் நாளில் அந்த மாணவர் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

ஹெப்பாரின், இன்சுலின் போன்ற மருந்துகளுக்கு இரண்டு செவிலியர் தனித்தனியே கணக்கிட்டுச் சரிபார்க்கும்போது, முதலாமவர் சூத்திரத்தில் போட்டிருந்தால் இரண்டாமவர் அலகு வழியில் போடட்டும், முதலாமவரின் தாளைப் பார்க்காமல்.