புகை வாடையைப் புகைவிட்டே கண்டுபிடித்தார்கள்

காருக்குள் புகை வாடை வந்தால் நறுமண டப்பா வாங்கி வைப்பது ஆபத்து. அந்தப் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு என்று ஆரம்பித்து உயிரையே எடுத்துவிடும்.

என் காரில் காலையில் ஸ்டார்ட் செய்து நிற்கும்போதுதான் வாடை அதிகம். முன்பு காட்டிய இடத்தில் ஏசி ஃபில்டரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். இந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக் முதலில் கேள்வி கேட்டார்: எப்போது வருகிறது, வெளிக்காற்றை உள்ளே விடும்போதா? அப்புறம், இன்ஜின் சூடாகும் முன்பே சைலன்சர் குழாய் வழியாக ஸ்மோக் மெஷினால் புகை ஏற்றினார். இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுத்துச் செல்லும் மேனிஃபோல்டு குழாய் இணைப்பில், கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் ஓரத்தில் நூல் போலப் புகை கசிந்தது. பக்கத்திலேயே கரி படிந்த கோடு. சூடேறினால் உலோகம் விரிந்து அந்த இடுக்கு அடைபட்டுவிடலாம் என்பதால்தான் ஆறின இன்ஜினில் சோதனையாம். அங்கே கசிவது, முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் வழியாக உள்ளே வந்திருக்கிறது.

கேஸ்கெட்டையும் துருப்பிடித்த போல்ட்டுகளையும் மாற்றினார்கள். அந்த வழியாகவும் புகை வருகிறதா என்று மெக்கானிக் டிக்கி ரப்பரையும் தடவிப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு, மாத்த வேண்டாம்" என்றார். அந்த நேர்மைக்காகவே தாராளமாகப் பரிந்துரைப்பேன். வண்டியை நாள் முழுக்க விட்டுவிட்டு வர வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.