செம்பனைக் கடைக் கணக்குக்கு எஸ்கியூலைட்: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் கடை ஒன்றுக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்குச் செயலி, எஸ்கியூலைட் தரவுத்தளத்தை நம்பி ஓடுகிறது. எடைச் சீட்டு, அன்றைய விலை, கொடுத்த முன்பணம், லோரி வாடகை, மாதக் கடைசியில் பட்டுவாடா செய்த தொகை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரே கணினியில் வேலை நடக்கும் கடைக்கு இதைவிடப் பொருத்தமான தரவுத்தளத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் சீட்டைப் பதிவதற்கு முன்பே அதன் இயல்பான அமைப்புகள் சிலவற்றை மாற்றிவிட வேண்டும்.

ரிச்சர்டு ஹிப் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்த மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. அதை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம். தனியாக ஒரு சர்வரை நிறுவிப் பராமரிக்கும் வேலை இல்லை, தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது. மாலை மழையின்போது மின்சாரம் போய் வருவது எங்கள் பக்கம் வழக்கம் என்பதால், ஒன்றாக எழுத வேண்டியவற்றை முழுதாக எழுதும், இல்லையேல் எதையும் எழுதாத இதன் பரிவர்த்தனைப் பாதுகாப்பையே நான் முதன்மையாக மதிக்கிறேன். எடையையும் அதற்குரிய தொகையையும் ஒரே பரிவர்த்தனைக்குள் எழுதினால், பாதியில் கணினி அணைந்து போனாலும், கோப்பை மறுபடி திறக்கும்போது அரைகுறையாக எழுதப்பட்டது நீக்கப்பட்டு முந்தைய நிலை மீட்கப்படும்.

இனிக் குறைகள். எண்ணுக்கென்று அறிவித்த அட்டவணைப் பத்தியில் எழுத்தை இட்டாலும் எஸ்கியூலைட் மறுப்பின்றி வாங்கிக்கொள்ளும். 2021-இல் 3.37 பதிப்போடு வந்த ஸ்ட்ரிக்ட் அட்டவணைகள் இந்தத் தாராளத்துக்கு அணை போட்டன. புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றையே பயன்படுத்த வேண்டும். அப்போதும் அடையாள அட்டை எண்ணை எண் பத்தியில் வைக்கக்கூடாது. பன்னிரண்டு இலக்கங்களில் முதலிரண்டு பிறந்த ஆண்டைக் குறிப்பதால், 2005-இல் பிறந்த இளைஞரின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். எண் பத்தியோ அந்தப் பூஜ்யத்தை ஓசைப்படாமல் விழுங்கிவிடும். ஆகவே அது எழுத்துப் பத்தியாகவே இருக்கட்டும். சாதாரண அட்டவணையில் பணத்துக்கு டெசிமல் (தசம எண்) என்று அறிவித்தாலும், பின்னம் வந்தால் உள்ளே தோராய மிதவை எண்ணாகத்தான் சேமிக்கப்படுகிறது. ரிங்கிட்டைச் சென்னாக மாற்றி முழு எண்ணாக வைத்தால், மாதக் கடைசிக் கூட்டலில் ஒரு சென் கூடியும் குறைந்தும் வராது.

அட்டவணைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஃபாரின் கீ கட்டுப்பாடு இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதை இதைவிடப் பெரிய குறையாகக் கருதுகிறேன். ஒரு தோட்டக்காரரின் பதிவை அழித்துவிட்டால், அவருடைய எடைச் சீட்டுகள் உரிமையாளர் இன்றித் தொங்கும். எச்சரிக்கை எதுவும் வராது. ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்னும் அமைப்பு மாற்றும் கட்டளையால் அதை இயக்கியாக வேண்டும். பைத்தான் மொழியின் ஜாங்கோ கட்டமைப்பு இதைத் தானே செய்துவிடுகிறது. வெறும் பிஎச்பி மொழியில் எழுதுபவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். பழைய செயலிகள் உடையக்கூடாது என்பதற்காகவே இப்படி விட்டிருக்கிறார்கள் என்று புரிந்தாலும், கணக்குப் புத்தகத்துக்கு இது ஆகாத தாராளம்.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பது ஒற்றை எடைமேடை உள்ள கடைக்குத் தடையே அல்ல. மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் குறித்துவைக்கும் வால் (WAL) முறையை இயக்கிவிட்டால் ஒருவர் எழுதும்போதே மற்றவர் படிக்கலாம். ஆனால் கோப்பைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளிலிருந்து திறப்பது ஆபத்து; வலையமைப்பு வழியாகக் கோப்புப் பூட்டு நம்பகமாக வேலை செய்யாது, வால் முறையும் அங்கே செல்லாது. கோலகங்சாரில் கிளை திறக்கும் எண்ணமிருந்தால் தொடக்கத்திலேயே தனிச் சர்வராக இயங்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பக்கம் போய்விடுவது நல்லது. காப்புப் பிரதிக்கும், இயங்கிக் கொண்டிருக்கும் கோப்பை நேரடியாக நகலெடுக்காமல், பேக்கப் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

தமிழ்ப் பெயர்ப் பட்டியலில்தான் எஸ்கியூலைட் என்னை ஏமாற்றியது. அது யூனிகோட் எண் வரிசைப்படி ஒப்பிடுவதால், னகரம் பகரத்துக்கு முன் வந்து, கன்னியப்பன் கபாலிக்கு மேலே ஏறிவிடுகிறார். ஜெயா, ஞானத்துக்கு முன்னால் போய் நிற்கிறார். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2017-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்தே ஐசியூ (ICU) என்ற மொழி நூலகத்தின் வழியாகத் தமிழ் அகர வரிசையைத் தருகிறது. எஸ்கியூலைட்டிலும் ஒப்பிடும் விதியை நாமே எழுதிச் சேர்க்கலாம், ஆயினும் வேறொரு கருவியில் கோப்பைத் திறக்கும்போது அந்த விதியைக் காணோம் என்று பிழை வரும். அதனால் சில நூறு பெயர்களே உள்ள இந்தக் கடைக்கு, பட்டியலைச் செயலிக்குள் கொண்டுவந்த பிறகு வரிசைப்படுத்துவதையே தேர்ந்தெடுத்தேன்.