கியூவுக்கு எது காவல்: உறையா, பெட்டியா, சிலிக்காவா? நெல்லைச் சீமைக்கு ஒரு ஒப்பீடு

மழைக்காலம் தொடங்கியதும் ஈரம் குடிக்கும் மணியான சிலிக்கா ஜெல்லைப் பை நிறைய வாங்கி, பூல், ஸ்னூக்கர் ஆடும் மரக்கோலான கியூவின் பெட்டிக்குள் கொட்டி மூடிவிடுகிறார்கள் பலர். அதில் பாதிதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் மரம் குடித்த ஈரத்தைச் சித்திரை வெயில் பிடுங்குகிறது. அடுத்த அடைமழையில் மரம் மறுபடி குடிக்கிறது. கியூவைக் கோணவைப்பது இந்த ஏற்ற இறக்கம். எனவே ஒவ்வொரு வழியிடமும் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். மழையில் ஈரத்தைத் தடுக்கிறதா? கோடையில் மரத்தை வறளவிடாமல் காக்கிறதா? சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் தோற்கின்றன.

மரத்தின் கணக்கு

காற்றின் ஈரப்பதம் 50% அளவில் நிலையாக நின்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 9% இருக்கும். காற்று 75% ஆனால் மரம் 14% வரை ஏறும். 30%-க்கு இறங்கினால் 6%-க்கு வந்துவிடும். பூல் கியூவின் முன்பாதியான ஷாஃப்டுக்குப் பயன்படும் ஹார்ட் மேப்பிள் நீளவாட்டில் ஏறக்குறைய மாறவே மாறாது. குறுக்குவாட்டில்தான் விளையாட்டு: வளையக் கோட்டை ஒட்டிய திசையில் அதிகம், அதற்குச் செங்குத்தாகச் சுமார் பாதி. 14%-லிருந்து 6%-க்கு இறங்கினால் 13 மி.மீ. ஷாஃப்ட் ஒரு பக்கம் கால் மி.மீ.க்கு மேல் சுருங்கும், மறுபக்கம் அதில் பாதிதான். உருண்டை முட்டை வடிவமாகும். விரல் வளையத்துக்குள் ஓடும்போது ‘எங்கேயோ பிடிக்கிறதே’ என்று தோன்றுவது இதனால்தான். ஸ்னூக்கர் கியூவின் ஆஷ் மரமும் இதே குணம்தான், கொஞ்சம் அடக்கம்.

வளைவு வேறு கதை. ஒரு பக்கம் ஈரம் ஏறி மறுபக்கம் ஏறாவிட்டால், அல்லது ரேகை நேராக ஓடாத மரமாக இருந்தால், ஷாஃப்ட் வில்லாகும். ஓதம் அடிக்கும் சுவரில் சாய்த்துவைத்த கியூவுக்கு இரண்டு தண்டனையும் ஒன்றாகக் கிடைக்கிறது: சுவர்ப் பக்கம் ஈரம், நடுவில் சாய்ந்த பாரம். ஈரம் மாறிக்கொண்டிருக்கும் மரம் பாரத்துக்கு எளிதில் வளைந்துகொடுத்து அப்படியே நின்றுவிடும்.

ஊருக்கு ஊர் எதிரி வேறு

பாளையங்கோட்டை, ஜங்ஷன், பேட்டை பக்கம் ஆண்டின் பெரும்பகுதி வறட்சிதான். மலையின் மழைமறைவில் கிடப்பதால் தென்மேற்குப் பருவம் இங்கே வெறும் காற்றாகவே வந்துபோகும். ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி வரைதான் ஈரத்தின் ஆட்சி. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, பாபநாசம் அப்படியல்ல. ஆனி, ஆடிச் சாரல் ஒரு முறை, வடகிழக்குப் பருவம் இன்னொரு முறை. சீசன் ஊருக்குக் கொண்டாட்டம், தோல் உறைக்குப் பூசணம். திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் கரையில் உப்புக்காற்று சேர்ந்துகொள்கிறது: உப்புப் படிந்த பரப்பு காற்றிலிருந்து தானே நீர் இழுக்கும், இரு பாதியையும் இணைக்கும் திருகில் துரு ஏறும், ஸ்னூக்கர் கியூவின் நுனியை ஒட்டிய பித்தளை வளையமான ஃபெருல் பச்சை பூக்கும். வள்ளியூர், பணகுடிக்காரர்கள் காற்றையும் தூசியையும்தான் பார்க்கவேண்டும்.

துணி உறை, பெட்டி, பைப்

துணி உறையும் ரெக்சின் உறையும் கீறலிலிருந்து காக்கும், ஈரத்திலிருந்து காக்காது. ஜிப்பின் பல்வரிசை வழியே காற்று தாராளமாகப் போய்வரும். உள்ளே சிலிக்கா போட்டால் அது ஊர்க்காற்றையே உலர்த்த முயன்று இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். ரெக்சினில் இன்னொரு கேடும் உண்டு: நனைந்த கையோடு உள்ளே போன கியூவின் ஈரம் வெளியே வர வழியில்லாமல் புழுங்கும். மழைக்காலத்தில் வெறும் உறையைவிட, உள்சுவரில் நேராக நிற்கும் ரேக் மேல். குறைந்தபட்சம் எல்லாப் பக்கமும் ஒரே காற்று படும்.

அலுமினியச் சட்டம் போட்ட கடினப் பெட்டிகள் ஒரு படி மேல், ஆனால் மூடியின் விளிம்பில் இடைவெளி இருக்கும். கதவு விளிம்பில் ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டையை 5 மி.மீ. அகலத்தில் சுற்றி ஒட்டினால் அந்த ஓட்டம் பெருமளவு நிற்கும். தாழ்ப்பாள் சற்று இறுக்கமாக விழவேண்டும்; காகிதத் துண்டை மூடிக்கு நடுவே வைத்து இழுத்தால் உருவிக்கொண்டு வரக்கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சும் வெல்வெட்டும் ஈரத்தைத் தேக்கும் என்பதால், மழை தொடங்குமுன் திறந்த பெட்டியை நல்ல வெயிலில் ஒரு பகல் காயவைப்பது அவசியம். கியூ இல்லாமல்தான், மறந்துவிட வேண்டாம்.

காசு குறைவாக, காற்று புகாமல் வேண்டுமென்றால் 75 மி.மீ. பி.வி.சி. பைப்பை வெல்ல எதுவுமில்லை. நடுவில் பிரியும் பூல் கியூவின் ஒரு பாதி சுமார் 74 செ.மீ.; 82 செ.மீ. பைப் போதும். முக்கால் பிரிவு ஸ்னூக்கர் கியூவுக்கு 120 செ.மீ. வெட்டவேண்டும். ஒரு முனையில் சொல்யூஷன் போட்டு மூடி, மறுமுனையில் ரப்பர் வளையத்தோடு திருகு மூடி. சொல்யூஷன் வாடை முழுக்கப் போகும்வரை மூன்று நாள் திறந்து வையுங்கள், அந்த ஆவி பாலிஷைக் கெடுக்கும். இரண்டு பாதிக்கும் தனித்தனிப் பருத்தி உறை தைத்துப் போட்டால் உரசாது. பார்க்க அழகில்லை. வேலை மட்டும் செய்யும்.

சிலிக்கா: எவ்வளவு என்பதே கேள்வி

ஏழு லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் நீர் கால் கிராம்கூடத் தேறாது. நீர் இருப்பது மரத்தில். கியூவின் உலர்ந்த மரம் 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 14% ஈரத்தோடு உள்ளே போனால் அதில் 56 கிராம் நீர். வறுத்து எடுத்த சிலிக்கா, காற்று 50% அளவில் இருக்கும்போது தன் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நீரைப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நன்றாக மூடிய பெட்டியில் 50 கிராம் சிலிக்கா காற்றை 60%-ஐ ஒட்டியும், 100 கிராம் 45%-ஐ ஒட்டியும், 200 கிராம் 30%-ஐ ஒட்டியும் கொண்டுபோய் நிறுத்தும். காகிதக் கணக்குதான், ஆனால் பாடம் தெளிவு: அதிகம் போட்டால் அதிக நன்மை இல்லை. 30%-ல் ஃபெருல் தளரும், ‘பட்’ எனும் பின்பாதியில் பதித்த வேலைப்பாட்டின் விளிம்பு விரலில் தட்டுப்படும். கியூ ஒன்றுக்கு 50 முதல் 80 கிராம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீல மணி வேண்டாம். அந்த நிறத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு நச்சு. ஆரஞ்சு மணி ஈரம் குடித்ததும் பச்சைக்குத் திரும்பும். 100 முதல் 110 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகும். அடுப்பில் என்றால் இதற்கென்றே ஒதுக்கிய இரும்புச் சட்டி, சிறுதீ, கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். தீ கூடினால் மணி கருகி வெடிக்கும். சமையல் பாத்திரம் கூடாது. ஆறிய பிறகு மெல்லிய துணிப்பையில் கட்டி, ஷாஃப்டில் படாமல் ஓரமாக வையுங்கள். மாற்றும் நாளைக் காலண்டரில் குறிக்காவிட்டாலும், அடுக்களையில் உடன்குடிக் கருப்பட்டி கசியத் தொடங்கினால் சிலிக்காவைப் பார்க்கவேண்டிய வேளை என்று கொள்ளலாம்.

பங்குனி பிறந்ததும் சிலிக்காவை வெளியே எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

இருவழிப் பொட்டலம்

போவேடா போன்ற பொட்டலங்களுக்குள் தெவிட்டிய உப்புக் கரைசல் இருக்கும். ஆவி மட்டும் புகும் மெல்லிய உறை. காற்று குறித்த அளவுக்கு மேல் போனால் நீரை இழுக்கும், கீழே போனால் விடும். கியூவுக்கு 49% பொட்டலம் பொருத்தம்; மர இசைக்கருவிகளுக்கு விற்பதும் இதுவே. 60, 70 கிராம் அளவில் ஒன்று போதும். கோடையில் வறளவிடாமல் காக்கிறதா என்ற இரண்டாவது கேள்வியில் தேறும் ஒரே பொருள் இதுதான், ஆகவே நெல்லைக்கு என் வாக்கு இதற்கே.

ஆனால் இரண்டு நிபந்தனை. பெட்டி நன்றாக மூடவேண்டும். துணி உறையில் போட்டால் காசைக் காற்றில் விட்டதுதான். அடுத்தது, ஈரம் ஊறிய கியூவோடு நேரே போட்டால் பொட்டலம் நீர் குடித்து உப்பிப்போய் நின்றுவிடும். முதலில் மூன்று, நான்கு வாரம் சிலிக்காவில் இறக்கி, சிலிக்காவை எடுத்த பிறகு பொட்டலத்தை வைக்கவேண்டும். இரண்டையும் ஒன்றாக வைக்கவே கூடாது: பொட்டலம் விடும் நீரைச் சிலிக்கா குடிக்கும், கியூவுக்கு ஒன்றும் மிஞ்சாது. கோடையில் பொட்டலம் காய்ந்து உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் ஆயுள் முடிந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கச் ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் போதும், நம்புமுன் சோதியுங்கள். பாட்டில் மூடி நிறைய சமையல் உப்பு, கூழாகும் அளவு சில சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு ஜிப் பையில் எட்டு மணி நேரம். 75 காட்டவேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

பீரோவுக்கு விற்கும் டப்பா, அரிசி, ரசகற்பூரம்

கால்சியம் குளோரைடு டப்பா ஈரத்தை வெறியோடு இழுக்கும், ஆனால் அளவில் நிற்கத் தெரியாது. கீழே சேரும் உப்புநீர் சிந்தினால் பித்தளையும் இரும்பும் அரிக்கும். பீரோவின் அடித்தட்டில் துணிமணிக்கு இருக்கட்டும். கியூ பெட்டிக்குள் நுழையக்கூடாது. அரிசி பலவீனம், வண்டையும் கூட்டிவரும். ரசகற்பூர உருண்டைக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமே இல்லை, வாடை மட்டும் ஒட்டும்.

ஏ.சி.யும் டிஹியூமிடிஃபையரும்

ஆறேழு மேசை போட்ட கிளப்புக்கு அறைக்காற்றின் ஈரத்தை இறக்கும் கம்ப்ரஸர் டிஹியூமிடிஃபையர் நியாயமான செலவு, மேசைத் துணிக்கும் நல்லது. மேசைமேல் வைக்கும் சின்ன பெல்டியர் கருவி அறைக்கு உதவாது. வீட்டு ஏ.சி. இரவில் உலர்த்தி, பகலில் அணைந்ததும் விட்டுவிடுகிறது. பெட்டிக்கு வெளியே கிடக்கும் கியூவுக்கு இது தினசரி ஏற்ற இறக்கம். கடற்கரை ஊர்களில் இன்னொன்று: 22 டிகிரி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் திறந்தால் ஷாஃப்டும் திருகும் வியர்த்துவிடும். அரை மணி நேரம் பெட்டி மூடியபடியே இருக்கட்டும். கேமராவுக்கான டிரை கேபினெட் நல்ல பொருள்தான், ஆனால் சிறிய அளவுகளில் 74 செ.மீ. பாதி நுழையாது.

மரத்துக்கே போடும் காப்பு

மெழுகும் எண்ணெயும் ஈரத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மேப்பிள் ஷாஃப்டுக்குக் கார்னோபா மெழுகு மெல்லியதாக. ஆஷுக்கு ஆளிவிதை எண்ணெய் ஆண்டுக்கு இரண்டு முறை, தடவிப் பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்து ஒரு நாள் காயவிடவேண்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுத்துக் காறிப்போகும். இவை எல்லாவற்றையும்விடச் சல்லிசாகப் பலன் தருவது, இரு பாதியும் சேரும் முனைகளில் மாட்டும் ஜாயிண்ட் மூடி: மரத்தின் வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீர் குடிக்கும், அதை அடைத்துவிடுகிறது.

கார்பன் ஷாஃப்ட் வாங்கினால் தொல்லை தீரும் என்பார்கள். ஷாஃப்ட் வரைக்கும் உண்மை. பட் மரம்தான், பந்தைத் தொடும் நுனியான டிப் தோல்தான்.

எங்கே எது

பாளை, ஜங்ஷன் பக்கம் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டிய பெட்டியோ பைப்போ, ஆண்டு முழுக்க 49% பொட்டலம். தென்காசி, குற்றாலத்தில் ஆனி முதல் மார்கழி வரை சிலிக்காவை மாதம் ஒருமுறை பார்த்து மாற்றி, தை கடைசியில் பொட்டலத்துக்கு மாறுவது சிக்கனம். சாரலில் பொட்டலம் மட்டும் தாங்காது. கடற்கரையில் பைப்தான் முதல் தேர்வு. ஆட்டம் முடிந்ததும் திருகை உலர்ந்த துணியால் துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய், மரத்தில் படாமல். எந்த ஊரானாலும் பெட்டியை உள்சுவர் அலமாரியில், இடுப்புயரத்தில், படுக்கையாக வையுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரணும் வெயிலில் நிற்கும் கார் டிக்கியும் வேண்டவே வேண்டாம்.

நனைந்துவிட்டால்

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரைமீறியதுபோல் வீட்டுக்குள் நீர் வந்து கியூ ஊறினால், வெயிலும் ஹேர் டிரையரும்தான் மிச்சத்தைக் கெடுக்கும். பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். நிழலில், மூன்று நான்கு இடத்தில் தாங்கு கொடுத்துக் கிடையாக வைத்து, தினம் கால் சுற்றுத் திருப்புங்கள். மின்விசிறி அறையில் ஓடலாம், நேரே படக்கூடாது. அடுக்களைத் தராசில் ஒவ்வொரு பாதியையும் தினம் எடைபோட்டு எழுதுங்கள். நான்கு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது என்று பொருள், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். டிப்பை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், ஊறிய தோலின் அடுக்குகள் பிரியும்.

பிறகு ஷாஃப்டை மட்டும் மேசையில் உருட்டி, அடியில் தெரியும் வெளிச்சக்கீற்று திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். பட் பாதியையும் தனியே உருட்டுங்கள். ஷாஃப்ட் மட்டும் கோணியிருந்தால் ஆவியில் காட்டி நிமிர்த்தும் வேலை நிலைக்காது, அடுத்த ஈரத்தில் பழைய வளைவுக்கே போகும். புது ஷாஃப்ட் வாங்குங்கள். வாங்குமுன் திருகின் விட்டத்தையும் அங்குலத்துக்கு எத்தனை புரி என்பதையும் பாருங்கள். 5/16-18 திருகுக்கு 3/8-10 ஷாஃப்ட் ஏறாது.