இந்திய எல்.எல்.எம். சேர்க்கைச் சேவை: சுங்கை சிப்புட் கடைவீதியில் என்ன கிடைக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரே அறை. இரண்டு கணினி, ஒரு ஸ்கேனர், சுவரில் இந்திய வரைபடம். மருத்துவப் படிப்புக்கு மாணவர்களை அனுப்பிப் பழகிய அலுவலகம் இது. இப்போது இந்தியாவில் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைக்கும் எடுத்துச் செய்கிறார்கள். படி ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள். கோலாலம்பூர் தனியார் கல்லூரியில் பிரிட்டிஷ் எல்.எல்.பி. என்ற முதல் சட்டப் பட்டத்தை முடித்துவிட்டு, மலேசியாவில் வழக்கறிஞராவதற்கான சி.எல்.பி. தேர்வில் ஒரு தாளோ இரண்டு தாளோ தேறாமல், அடுத்தது என்ன என்று நிற்பவர்கள். இதே மாதிரி அலுவலகங்கள் வேறு தோட்டப் பட்டணங்களிலும் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. இங்கே எழுதியிருப்பது இப்படிப்பட்ட எந்த அலுவலக மேசைக்கும் பொருந்தும்.

காகித வேலைக்கு இவர்களை நம்பிப் போகலாம். எந்தப் படிப்பை எடுப்பது, எதற்காக எடுப்பது என்ற ஆலோசனைக்கு மட்டும் இவர்களை நம்ப வேண்டாம்.

முதல் குறை இதுதான். "மாஸ்டர் முடிச்சா புள்ள லாயர் ஆயிடலாமா தம்பி?" என்று ஓர் அம்மா கேட்டால், "மேல்படிப்புதானேக்கா, கூடுதல் தகுதிதான்" என்று பதில் வருகிறது. அந்த அம்மா கேட்டதற்கான பதில் இல்லை இது. பிரிட்டிஷ் பட்டத்தோடு சி.எல்.பி. வழியில் மலேசியாவில் வழக்கறிஞராவதற்கு 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் பார்ப்பது முதல் சட்டப் பட்டத்தையும் சி.எல்.பி.யையும்தான். எல்.எல்.எம். அந்த இரண்டில் எதற்கும் ஈடாகாது. தேறாத சி.எல்.பி. தாள் தேறாமலேயே இருக்கும். இந்தியாவிலும் அப்படித்தான்: 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி பதிவு செய்வது எல்.எல்.பி.யை வைத்து. கல்லூரியில் சட்டம் கற்பிக்க, முனைவர் பட்டத்துக்குப் போக, நிறுவனத்தின் சட்டப் பிரிவில் ஒரு துறையில் ஆழம் காட்ட எல்.எல்.எம். உதவும். இளங்கலை மாணவருக்கு விரிவுரை செய்ய முதுகலை கேட்பது மலேசியாவில் பொது வழக்கம் என்பதால், விரிவுரையாளராக நினைப்பவருக்கு இது நேரான வழி. வழக்கறிஞராக நினைப்பவர் இந்தப் பணத்தில் சி.எல்.பி.யை மறுபடி எழுதலாம். இதை மேசையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

இரண்டாவது குறை, அவர்கள் நீட்டும் தாள். அதில் "எல்.எல்.எம். 1 வருடம்", "எல்.எல்.எம். 2 வருடம்" என்று இரண்டு வரி, எதிரே கட்டணம். வித்தியாசம் கேட்டால் "ஒரு வருஷம் மிச்சம்" என்கிறார்கள். பெரிய வித்தியாசம் பாட அமைப்பில் இருக்கிறது.

ஓராண்டு எல்.எல்.எம். பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதலின்படி 2013 வாக்கில் தொடங்கியது. மொத்தம் 24 கிரெடிட். கட்டாயத் தாள் மூன்று, ஒவ்வொன்றும் 3 கிரெடிட்: ஆய்வு முறையும் சட்ட எழுத்தும், ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், உலகமயச் சூழலில் சட்டமும் நீதியும். விருப்பத் தாள் ஆறு, ஒவ்வொன்றும் 2 கிரெடிட். ஆய்வேடு 3 கிரெடிட். செமஸ்டர் முறையானால் 18 வாரம் வீதம் இரண்டு, டிரைமெஸ்டர் ஆனால் 12 வாரம் வீதம் மூன்று. வகுப்பு, நூலகம், கருத்தரங்கு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 30 மணி நேரம். பெங்களூர், ஹைதராபாத், கொல்கத்தா, திருச்சி போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் நடத்துவது இந்த வகை.

இந்த அமைப்பில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஆய்வேட்டில்தான் தடுமாறுகிறார்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கினால் தலைப்பை முதல் பருவம் முடிவதற்குள் நெறியாளரிடம் கொடுத்தாக வேண்டும். இரண்டாம் பருவத்தில் விருப்பத் தாள்களின் தேர்வும் ஆய்வேடும் ஒரே நேரத்தில் நெருக்கும். அவசரத்தில் வெட்டி ஒட்டினால் அடுத்த சிக்கல். 2018ஆம் ஆண்டு மானியக் குழு விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஓராண்டு கொடுக்கவே முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. ஓராண்டுப் படிப்பில் ஆறு மாதத் தாமதம் வந்தால் மாணவர் விசாவையும் நீட்டிக்க வேண்டியிருக்கும். எனவே தலைப்பை இங்கிருந்தே யோசித்துக்கொண்டு போவது நல்லது.

தோட்டப் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தலைப்புப் பஞ்சம் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி மலேசியாவில் 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அதே பொருளை 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் பேசியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே நல்ல ஒப்பீட்டு ஆய்வு கிடைக்கும். அரசியலமைப்புப் பக்கம் போகிறவர்களுக்கு 1973ஆம் ஆண்டு கேசவானந்த பாரதி வழக்கின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு (அரசியலமைப்பின் அடிப்படையை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்பது) காத்திருக்கிறது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2017இல் செமினி ஜெயா வழக்கிலும் 2018இல் இந்திரா காந்தி என்ற மலேசியப் பெண்ணின் வழக்கிலும் அந்தச் சிந்தனையை எடுத்தாண்டது. இந்திரா காந்தி வழக்கு புறப்பட்டது பக்கத்து ஈப்போவிலிருந்து. இந்திய நெறியாளர்கள் மலேசியத் தீர்ப்புகளை ஆர்வமாகக் கேட்பார்கள். இப்படி ஒரு பேச்சு மேசையில் ஒரு முறையாவது நடந்தால் இந்தச் சேவையின் மதிப்பு இரு மடங்காகும்.

இரண்டாண்டு எல்.எல்.எம். பழைய முறை. நான்கு செமஸ்டர், தொடக்கத்திலேயே ஒரு சிறப்புப் பிரிவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டவியல் துறையும் இப்படி நடத்துகின்றன. வணிகச் சட்டம், அரசியலமைப்புச் சட்டம், குற்றவியல், அறிவுசார் சொத்துரிமை என்று பிரிவுகள். பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டோடு கற்பித்தல் பயிற்சியும் மதிப்பெண்ணில் சேரும். விரிவுரையாளராக நினைப்பவருக்கு இந்த நிதானம் நல்லது. மலேசியாவில் பாட அடிப்படை முதுகலைக்கு 40 கிரெடிட் என்பது வழக்கம் என்பதால், 24 என்ற எண்ணைப் பார்த்து ஊர் திரும்பிய பின் கேள்வி எழலாம். இரு நாட்டுக் கிரெடிட்டும் ஒரே அளவுகோல் இல்லை. ஓராண்டுக்காரர்கள் மணிக்கணக்கு எழுதிய பாடத்திட்டத்தையும் முழு மதிப்பெண் பட்டியலையும் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சேருமுன் மலேசியத் தகுதி அங்கீகார அமைப்பான எம்.கியூ.ஏ.விடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுவது இன்னும் நல்லது. ஓராண்டுப் படிப்பை நிறுத்த இந்திய வழக்கறிஞர் மன்றம் 2021 தொடக்கத்தில் விதி வெளியிட்டதும், அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், படிப்பு தொடர்ந்து நடப்பதும் மேசையில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

சேர்க்கை வழியில் இவர்கள் செய்யும் பெரிய பிழை எல்லாரையும் "என்.ஆர்.ஐ. கோட்டா" என்று எழுதுவது. என்.ஆர்.ஐ. என்றால் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன். மைகாட் (மலேசிய அடையாள அட்டை) வைத்திருக்கும் நம் பிள்ளை, தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருந்தாலும், அங்கே வெளிநாட்டு மாணவர்தான். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் மூன்றாவது வகை. அவர்களுக்கு மாணவர் விசா வேண்டாம். ஆனால் 2021 மார்ச் 4 அறிவிப்புக்குப் பிறகு, அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியாகப் போனால் என்.ஆர்.ஐ. இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே அவர்கள் போட்டியிட முடியும். படிவத்தில் தவறான கட்டத்தைக் குறித்தால் சரிபார்ப்பு நாளில் விண்ணப்பம் தள்ளுபடியாகும், கட்டணம் திரும்பாது.

பல தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களைக் கிளாட் என்ற பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு இல்லாமல் தனி விண்ணப்பத்தில் எடுக்கின்றன. கட்டணம் பெரும்பாலும் டாலரில். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி படிவம், தனித்தனி கெடு. ஓ.சி.ஐ. வழியில் போகிறவர் கிளாட் எழுத வேண்டி வரலாம். முதுகலைத் தேர்வு 120 கேள்வி, 2 மணி நேரம், தவறுக்கு கால் மதிப்பெண் கழிவு. அண்மை ஆண்டுகளில் டிசம்பர் முதல் வாரத்தில் இந்திய மையங்களில் தாளில் எழுதும் தேர்வாக நடக்கிறது. மலேசிய மாணவருக்குப் பழகிய, கொலைக்கான 302ஆவது பிரிவு இந்தத் தேர்வில் உதவாது. மலேசியத் தண்டனைச் சட்டம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழி வந்ததால் எண்கள் ஒத்துப்போயின. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கொலைக்கான தண்டனை இப்போது 103. இந்த அலுவலகம் கொடுக்கும் பயிற்சித் தாள்களில் இன்னும் பழைய எண்களே இருக்கின்றன. உடனே மாற்ற வேண்டியது இது.

மதிப்பெண்: எல்.எல்.பி.யில் 50 சதவீதம் பொதுவான குறைந்த அளவு, சில இடங்களில் 55. பிரிட்டிஷ் பட்டத்தில் செகண்ட் லோவர் (இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு) என்றால் 50க்கு மேல், பிழைத்துக்கொள்ளலாம். தேர்ட் கிளாஸ் 40களில் நிற்பதால் வாசலிலேயே தடை. தேர்ட் கிளாஸ் பிள்ளையிடம் பதிவுக் கட்டணம் வாங்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரிக்குப் போகாமல் வெளிவாரியாக எடுத்த பட்டம் என்றால், அது ஏற்கப்படுமா, சமநிலைச் சான்றிதழ் யாரிடமிருந்து வேண்டும் என்ற இரண்டையும் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இனி இவர்களின் பலம். ஆவணங்களை அடுக்குவதில் இந்த அலுவலகம் அருமை. நம் பெயரில் 'மகன்', 'மகள்' என்பதைக் குறித்து வரும் ஏ/எல், ஏ/பி இந்திய இணையப் படிவங்களில் எவ்வளவு தொல்லை என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். சாய்வுக்கோட்டைப் படிவம் ஏற்காது. குடும்பப் பெயர் கட்டத்தில் எதைப் போடுவது என்று குழப்பம் வரும். ஒரு படிவத்தில் அப்பா பெயர், இன்னொன்றில் வெற்றிடம் என்று போனால் விசா நேரத்தில் இரண்டு ஆளாகத் தெரியும். இவர்கள் கடப்பிதழில் (பாஸ்போர்ட்) உள்ளதையே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்து, ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ், பட்டம், கடப்பிதழ் மூன்றும் ஒரே நபருடையவை என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு பிரகடனமும் எடுத்துவிடுகிறார்கள். படிவம் கேட்கும் 10ஆம் வகுப்புக்கு எஸ்.பி.எம்., 12க்கு ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். அல்லது ஏ-லெவல் என்று விளக்கக் கடிதமும் இணைக்கிறார்கள். மலேசியச் சான்றிதழுக்கு முதலில் புத்ராஜெயாவில் உள்ள விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு) முத்திரை, பிறகு இந்தியத் தூதரகம். பிரிட்டிஷ் பட்டத்துக்கு அந்த நாட்டிலேயே அபோஸ்டில் என்ற பன்னாட்டுச் சான்றொப்பம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து புத்ராஜெயாவுக்கு இரண்டு நடை போகிறவர்கள் உண்டு. அந்த அலைச்சலை இவர்கள் மிச்சப்படுத்துகிறார்கள். இதற்குக் கொடுக்கும் வெள்ளி தகும்.

அவர்கள் தரும் சேவைப் பட்டியலில் ஒரு வரி இருக்கவே கூடாது: "வீட்டிலிருந்தே ஆன்லைன் எல்.எல்.எம்.". இந்திய மானியக் குழுவின் 2020 விதிகள் தொலைநிலையிலும் இணையத்திலும் சட்டப் படிப்பைத் தடை செய்கின்றன. அனுமதியில்லாமல் இப்படி நடத்தும் நிறுவனங்களை வழக்கறிஞர் மன்றமும் 2025இல் எச்சரித்தது. பட்டத்தின் பெயருக்குப் பின்னால் ஏதாவது ஒரு சொல்லை ஒட்டி விற்றாலும் அது எல்.எல்.எம். ஆகாது. மாலையில் வேலை முடிந்து படிக்கலாம் என்று ஆசைப்பட்டு வருகிறவர்களைக் குறி வைக்கும் சரக்கு இது. அந்த வரியை அவர்கள் அடித்துவிட வேண்டும்.

பணம்: மலேசிய அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. பெற்றோரின் இ.பி.எப். (சேமநிதி) கணக்கிலிருந்து பிள்ளை படிப்புக்கு எடுக்க வழி உண்டு. சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். ஆகவே முதல் தவணைக்குக் கைப்பணம் தனியாக இருக்க வேண்டும்.

போய் இறங்கிய பிறகு இவர்கள் பொறுப்பு முடிகிறது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போகிறவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையம் வழி பதிய வேண்டும். வாடகை வீடு என்றால் வெளிநாட்டவர் தங்குவதை உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதற்கு ஒப்பாத வீட்டைப் பிடிக்கக் கூடாது.

பதிவுக் கட்டணம் கட்டுமுன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பல்கலைக்கழகம், எந்த வகை இடம், சேர்க்கை கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும். பல்கலைக்கழகக் கட்டணத்தை அலுவலகக் கணக்கில் கட்டாமல் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். கேட்டால் மறுப்பில்லாமல் ஒப்புக்கொள்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும் வகுப்புக்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே படி ஏறிவிட வேண்டும். அசல் சான்றிதழ்களோடு பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள், பெயர்ப் பிரகடனத்துக்கு அதையும் கேட்பார்கள்.