நோட்டம்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் இலவசம் என்பதால்

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். விமானிகள் புறப்படும் முன் படிக்க வேண்டிய அறிவிப்புக்கு உலகம் முழுக்க நோட்டம் என்றுதான் பெயர். எங்கள் ஊரில் நோட்டம் விடுவது என்றால் வேறு தொழில், ராத்திரி புகப்போகிற வீட்டைப் பகலிலேயே பார்த்து வைப்பது. இதையும் கிட்டத்தட்ட அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது, எது எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று.

நான் விமானி உரிமத்துக்குப் படிக்கிறவன், வீடு திருவையாறு பக்கம். ஓடுபாதை மூடல், பக்கத்தில் கிரேன், பறவைத் தொல்லை எல்லாம் ஓரளவு ஒரே பார்வையில் புரிந்துவிடும். வழிகாட்டும் கருவி பழுது என்று வருகிற அறிவிப்புதான் உயிரை வாங்குகிறது. மாதிரிக்கு நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன், நிஜத்தில் இது ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும்:

பி) 2511120330 சி) 2511121130 ஈ.எஸ்.டி. ஈ) ஐ.எல்.எஸ். ஜி.பி. ஆர்.டபிள்யூ.ஒய். 27 யு/எஸ்

பி தொடங்கும் நேரம், சி முடியும் நேரம், ஈ விஷயம்: 27-ம் எண் ஓடுபாதையின் ஐ.எல்.எஸ். ஜி.பி. வேலை செய்யவில்லை (யு/எஸ்), அது என்ன கருவி என்று பின்னால் சொல்கிறேன். பி-யில் இருக்கிற அந்தப் பத்து இலக்கம் 2025 நவம்பர் 12, உலகப் பொது நேரம் 03:30. ஐந்தரை மணி கூட்டினால் நமக்குக் காலை 9. முடிவது மாலை 5. அட, நம் ஊர் மின்தடை நேரமேதான்! பேப்பரில் "பராமரிப்புப் பணி காரணமாக" என்று ஒரு வரி வந்தால் எங்கள் பாட்டி ஒன்பதுக்குள் மாவரைத்துத் தொட்டியை நிரப்பிவிடும். (அதிலும் "அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்" என்று ஒரு வார்த்தை போடுவார்கள், நம் தெரு அதில் சேர்த்தியா என்பது ஒன்பது மணிக்குத்தான் தெரியும்.) இங்கே மாவரைக்கும் முன் கணக்குப் போட வேண்டும். 2230 என்று இருந்தால் நம் கடிகாரத்தில் அது மறுநாள் விடிகாலை 4 மணி. நான் ஒருமுறை தேதியை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றி எழுதி, பயிற்சியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் அந்த ஈ.எஸ்.டி. அமெரிக்க நேரம் என்று நினைத்தால் தொலைந்தோம். உத்தேசம் என்று அர்த்தம். அதாவது மாலை 5 ஆனதும் இது தானாகக் காலாவதி ஆகாது, ரத்து என்றோ இதற்குப் பதில் இன்னொன்று என்றோ புதிய அறிவிப்பு வரும்வரை உயிரோடுதான் இருக்கும். இவ்வளவு விஷயத்தை மூன்று எழுத்தில் அடக்கி வைத்திருக்கிறார்கள். தந்தி காலத்துச் சிக்கனம். தந்தியையே 2013-ல் மூடிவிட்டோம், இந்த நடை மட்டும் போகவில்லை.

சரி, ஐ.எல்.எஸ். பாதை கண்ணுக்குத் தெரியாதபோதும் விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்குகிற ரேடியோ கருவிகளின் தொகுப்பு அது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 2018 அக்டோபர் 12-ஐ ஞாபகப்படுத்தினால் போதும். திருச்சியில் 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் சுற்றுச்சுவரை இடித்து, கடைசியில் மும்பையில் இறங்கியதே, அன்று அது இடித்துச் சேதப்படுத்தியதில் இதன் ஆன்டெனாவும் ஒன்று. அது லோக்கலைசர், ஓடுபாதைக்கு நேராக வருகிறோமா என்று இடம் வலம் காட்டுவது. இறங்குகிற சரிவைக் காட்டுவது கிளைடு பாத், அதைத்தான் மேலே ஜி.பி. என்று போட்டிருக்கிறேன். தூரம் சொல்ல டி.எம்.இ. என்று தனியாக ஒன்று உண்டு.

இதை அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மோட்டார் ஓடுமா ஓடாதா, அதைச் சொல்லுடா." மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போனால் வீட்டில் விளக்கு எரியும், கொல்லையில் மோட்டார் ஓடாது. "கரண்ட் இருக்கா" என்று கேட்டால் இருக்கு என்பதும் சரி, இல்லை என்பதும் சரி. அதே கதைதான் இங்கேயும். கிளைடு பாத் போனாலும் லோக்கலைசரை மட்டும் வைத்து இறங்கலாம், ஆனால் முழு ஐ.எல்.எஸ். இருந்தால் சாதாரணமாக 200 அடி வரை வந்து பாதை தெரிகிறதா என்று பார்க்க முடிகிற இடத்தில், அதைவிட உயரத்திலேயே முடிவெடுக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் டெல்டா மேல் மேகம் எவ்வளவு தாழ்ந்து கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெறுமனே "ஐ.எல்.எஸ். யு/எஸ்" என்று போட்டால் இன்னும் மோசம், சரிவு மட்டும் போயிற்றா, எல்லாமே போயிற்றா, டி.எம்.இ. இருக்கிறதா? அறிவிப்பு எந்தப் பெட்டி கெட்டது என்று சொல்கிறது, எனக்கு என்ன கிடைக்காது என்று சொல்வதில்லை. அதை நான்தான் வரைபடத்தை (சார்ட்) விரித்து, இறங்குகிற ஒவ்வொரு வழிமுறையிலும் அந்தக் கருவி எங்கெல்லாம் வருகிறது என்று தேட வேண்டும்.

நான் மட்டும் புலம்பவில்லை. 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் நின்றிருந்த டாக்ஸிவே (ஓடுபாதைக்குப் போய்வரும் தரைப்பாதை) மேல் சுமார் 60 அடி வரை இறங்கிவிட்டது. பக்கத்து ஓடுபாதை மூடியிருக்கிறது என்ற நோட்டம், 27 பக்கக் கட்டில் 8-ம் பக்கத்தில் இருந்தது. விசாரித்த வாரியத்தின் தலைவர் ராபர்ட் சம்வால்ட் இந்த அறிவிப்புகளைக் குப்பை என்றே சொல்லிவிட்டார். அமெரிக்கர்கள் 2021-ல் இதன் பெயரின் விரிவை மாற்றினார்கள், 2025-ல் பழையபடி மாற்றிக்கொண்டார்கள். பெயர்தானா இப்போது பிரச்சினை?

இரண்டு நட்சத்திரம் எதற்கு என்றால், காசில்லை, எந்த நாட்டில் இருந்து வந்தாலும் பெரும்பாலும் ஒரே அச்சு. பழகிவிட்டால் பி, சி, ஈ எங்கே இருக்கும் என்று கண் தானாகப் போய்விடுகிறது.

இப்போது நான் ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் கெட்டுப்போன கருவியும் நம் ஊர் நேரமும், வலது பக்கம் அதனால் எந்த வழிமுறையில் இறங்க முடியாது என்பதும். இடது பக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், வலது பக்கத்துக்கு அரை மணி நேரம். காபியோடு வந்து அப்பா எட்டிப் பார்ப்பார், "என்னடா, இன்னைக்கு மோட்டார் ஓடுமா?"

"இருங்கப்பா, இன்னும் சார்ட் பார்க்கலை."