"போர்டு போச்சு" என்றதும் போனைக் கொடுத்துவிடாதீர்கள்

சேலத்தில் பழைய போனை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் என் அப்பாவை ஏமாற்றிவிட்டார்கள்.

அப்பா சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். டிசைன் படம், ஆர்டர், கணக்கு எல்லாம் அவருடைய பழைய ஆண்ட்ராய்டு போனில்தான். வாட்ஸ்அப் திறக்கவே திணறியது. 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே அணைந்தும் போனது. கடைப் பையன் போனைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "போர்டு போயிருச்சுங்க ஐயா. ஐசி மாத்தணும், விட்டா போட்டோ எல்லாம் போயிரும்" என்றிருக்கிறான். (போர்டு என்பது போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை; ஐசி அதன் மேலிருக்கும் சிப்.) ஐசி, ஒரிஜினல் பேட்டரி எல்லாம் சேர்த்து ரூ. 3,800. படம் போய்விடுமே என்ற பயத்தில் அப்பா ஜிபேயில் அனுப்பிவிட்டார். போன் திரும்பி வந்தபோது பில் இல்லை, உள்ளே ஒரு படமும் இல்லை. ரீசெட் செய்திருந்தார்கள். எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ அதையே செய்திருக்கிறார்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ரெண்டு மாசம் தாங்கவில்லை. பின்மூடி தூக்கிக்கொண்டு, ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டது. அணைத்து, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். திறந்து காட்டினார்கள்: பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. மேலே கொள்ளளவு 5,000 எம்ஏஎச் என்ற ஸ்டிக்கர்; அதன் மூலையை உரித்தால் அடியில் 3,000 என்று இன்னொன்று. போர்டில் ஐசிகளை மூடியிருந்த தகட்டுமூடியை யாரும் கழற்றியதற்கான அடையாளமே இல்லை. ஐசி மாற்றியது முழுப் பொய்.

உண்மையில் நடப்பது இதுதான். லித்தியம் பேட்டரி பழசாக ஆக அதன் உள்தடை, அதாவது உள்ளே மின்சாரம் ஓடுவதைத் தடுக்கும் தன்மை, கூடும். கேமராவோ வீடியோவோ திறந்து, போன் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். இப்படி அணையாமல் இருக்க, பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லவில்லை என்று 2020-ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அந்தப் போன்களில் பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பிவிடும்.

அப்பா போன் மெதுவானதற்கு இன்னொரு காரணம், ஸ்டோரேஜ் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. காலி இடம் இல்லாவிட்டால், புதிதாக எதையும் சேமிக்கும் முன் பழையதை இடம் மாற்றி அழிக்க வேண்டியிருக்கும். அதனால் எல்லாமே இழுக்கும். படங்களை கம்ப்யூட்டருக்கு மாற்றி, வாட்ஸ்அப்பில் குவிந்த குட்மார்னிங் வீடியோக்களை அழித்திருந்தாலே பாதி சரியாகியிருக்கும். அதற்குக் காசே வேண்டாம்.

பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. அடுப்புப் பக்கத்திலோ வெயிலில் நிற்கும் வண்டியிலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும்.

கடைக்குப் போகும் முன் பேக்கப் எடுங்கள். கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். பில் தராத இடத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்க அந்தக் கடைக்குப் போனபோது, "பட்டறைச் சூட்டுல வச்சிருப்பீங்க, வாரண்டி கிடையாது" என்று கையை விரித்தார்கள். அப்புறம் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். ஜிபே ரசீதும் அந்த இரட்டை ஸ்டிக்கர் படமும் கையில் இருக்கின்றன. அதிலும் முடியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கடைக்காரர் இப்போது பாதிப் பணம் தருகிறேன் என்கிறார். அப்பா முழுப் பணத்தையும் கேட்டிருக்கிறார்.