டொமைன் விதி: ஐக்கானா, அரசுகளா, பொறியியலாளர்களா?

டொமைன் பெயர்களின், அதாவது இணைய முகவரிகளின், விதிகளை ஐக்கானிடமிருந்து எடுத்து, ஐ.நா.வின் கீழுள்ள சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.விடம் கொடுத்துவிட வேண்டும் என்பவர்களின் வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 190க்கு மேற்பட்ட நாடுகள், ஆளுக்கொரு வாக்கு, அமெரிக்காவும் இலங்கையும் அங்கே சமம். இப்போது அந்த விதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஐக்கானோ கலிபோர்னியாவில் பதிவான ஒரு இலாப நோக்கற்ற நிறுவனம். 1998இல் தொடங்கியதிலிருந்து 2016 செப்டம்பர் முடியும்வரை அமெரிக்க வணிகத் திணைக்களத்தின் பிடி அதன்மேல் இருந்தது. சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் இலங்கையின் அந்த ஒரு வாக்கு யாருடையது? கொழும்பிலிருந்து போகும் அதிகாரியுடையது. கொழுந்து பறிப்பவரின் சம்பளத்தை அவர் இல்லாத மேசையில் பேசி முடித்த கதை மலையகத்தில் யாருக்குத் தெரியாது, இதுவும் அந்த மாதிரி மேசைதான். 2018 மார்ச்சில் திகனவில் வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசு அடைத்தது. வெறுப்புப் பிரசாரத்தை நிறுத்தத்தான் என்றார்கள், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை, ஆனால் கண்டியில் இருக்கும் சொந்தக்காரர் பத்திரமாக இருக்கிறாரா என்று கேட்க நினைத்தவருக்கும் அதே அடைப்புத்தான். அது டொமைன் அமைப்பைத் தொட்ட வேலை அல்ல, உள்ளூர் இணைய நிறுவனங்களுக்குப் போட்ட உத்தரவு. அப்படி உத்தரவு போட்டுப் பழகியவர்கள் மட்டும் உட்கார்ந்து உலகத்துக்கே விதி எழுதுவதுதான் எனக்குப் பயம்.

2022இல் ரஷ்யா படையெடுத்ததும் ரஷ்ய முகவரிகளின் கடைசியில் வரும் .ஆர்யூவை (.ru) நீக்கச் சொல்லி உக்ரைன் கேட்டது, ஐக்கான் மறுத்துவிட்டது. உக்ரைனின் கோபம் நியாயம்தான், இருந்தும் மறுத்தது சரி. ஒருமுறை நீக்கினால் அடுத்த சண்டையில் யாருடைய பெயர் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

அதற்காக ஐக்கானைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. 2012இல் .com போல முகவரியின் கடைசியில் வரும் புதிய பெயர் ஒன்றுக்கு விண்ணப்பிக்கவே 185,000 டொலர் கேட்டார்கள், தோட்டப்புறச் சங்கம் ஒன்று அதைக் கனவிலும் பார்க்காது. 2019இல் .ஓர்க்கை (.org) நடத்தும் அமைப்பை அதன் உரிமையாளரான இன்டர்நெட் சொசைட்டி ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பி, கலிபோர்னியா சட்டமா அதிபரும் கடிதம் எழுதிய பிறகுதான், 2020 ஏப்ரலில், ஐக்கான் முடியாது என்றது. (அமெரிக்கச் சட்டம் நமக்கும் உதவிய அபூர்வமான நேரம்!)

மூன்றாவது, இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும் பொறியியலாளர்களின் அமைப்பான ஐ.இ.டி.எஃப். அங்கே வாக்கெடுப்பே கிடையாது, கூட்டத்தில் ஆதரவு எவ்வளவு என்று பார்க்க வாயை மூடி 'ம்ம்' என்று ஹம் செய்யச் சொல்வார்கள். டொமைன் அமைப்பு தொழில்நுட்ப ரீதியில் எப்படி ஓட வேண்டும் என்பது அவர்கள் வேலை, யாருக்கு எந்தப் பெயர் என்பதில் அவர்களை இழுக்காமல் விடுவதே நல்லது.

ஏனென்றால் பெயர் என்று வந்தால் பொறியியல் மட்டும் போதாது. 'ஔவை' என்று ஒருவர் பதிய, 'ஒ'வையும் 'ள'வையும் சேர்த்து 'ஒளவை' என்று இன்னொருவர் பதிந்தால் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஏமாற்ற நினைப்பவருக்கு இது போதும். .இலங்கைக்குக் கீழே வரும் பெயர்களை நம் நாட்டுப் பதிவகம் பார்த்துக்கொள்ளும், ஆனால் .இலங்கை இருக்கும் அந்த மேல்மட்டத்துக்கு உலகம் முழுக்க ஒரே விதி வேண்டும். அதில் தமிழ் எழுத்துக்கான பகுதியைத் தமிழ் தெரிந்தவர்கள் இருந்த ஒரு தன்னார்வக் குழுவை வைத்துத்தான் ஐக்கான் எழுதியது. அரசுகள் மட்டும் உட்காரும் இடத்தில் அப்படிப்பட்டவர்கள் நுழைவது கஷ்டம்.

என் தெரிவு ஐக்கான்தான், அரசுகள் இப்போது போல ஆலோசனை சொல்லும் இடத்திலேயே இருக்கட்டும். அப்புறம், ஆவணங்களை ஐ.நா.வின் ஆறு மொழிகளில் போடுகிறார்கள், அதில் தமிழ் இல்லை. கட்டணத்தோடு சேர்த்து முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.